ஐந்து மணிக்குத் திறக்கும் ரயில்

டிக்கெட் எடுப்பதில் ஜம்புநாதனை மிஞ்சக் கலிஃபோர்னியாவின் மில்பிடாஸில் ஆள் கிடையாது. இதை அவர் சொல்லிக்கொண்டதில்லை. மற்றவர்கள் சொன்னார்கள், அவர் மறுக்கவில்லை. யாருக்காவது திருப்பதி தரிசன டிக்கெட் வேண்டுமென்றாலும், பொங்கலுக்கு முதல் நாள் சென்னையிலிருந்து திருச்சிக்கு தட்கலில் இரண்டு படுக்கை வேண்டுமென்றாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். பயணிகளின் பெயர், வயது, பாஸ்போர்ட் எண் எல்லாவற்றையும் முன்கூட்டியே தட்டச்சு செய்து வைத்திருப்பார். கடிகாரத்தை நொடிவரை சரிபார்ப்பார். முன்பதிவு திறந்து இருபதாவது நொடியில் டிக்கெட் கையில் இருக்கும். சர்வர் கம்பெனியில் முப்பது வருடம் டெஸ்ட் இன்ஜினியராக இருந்தவரின் விரல் அது.

அதனால்தான் மருமகள் வென்ஜிங் அந்த வேலையை அவரிடம் கொடுத்தாள்.

வென்ஜிங் சான்டா கிளாராவில் ஒரு மருத்துவமனையில் நர்ஸ், அவளும் ஷ்ரேயஸும் குடியிருப்பதும் அங்கேதான். ஜம்புநாதனின் மகன் ஷ்ரேயஸை அவள் கல்யாணம் செய்துகொண்டு மூன்று வருடம் ஆகிறது. சொந்த ஊர் சீனாவில், ஹுனான் மாகாணத்தின் மேற்கு மலைப்பக்கம். ஆறு வருடமாக ஊருக்குப் போகவில்லை. முதலில் கோவிட், பிறகு விசா பயம், பிறகு க்ரீன் கார்டு கையில் வரும்வரை நாட்டைவிட்டு நகராதே என்ற வக்கீல். கார்டு ஜனவரியில் வந்தது. அதற்குள் அவள் அப்பாவின் நுரையீரலில் பாதி போய்விட்டது. சுரங்கத்தில் இருபத்தாறு வருடம் தூசி தின்ற நுரையீரல். கட்டிலுக்குப் பக்கத்தில் ஆக்சிஜன் சிலிண்டர். டாக்டர் மாதக்கணக்கு சொல்லவில்லை, சீனப் புத்தாண்டு வரை பார்க்கலாம் என்று மட்டும் சொல்லியிருந்தார்.

புத்தாண்டுக்கு முதல் நாள் ராத்திரி சாப்பாடுதான் அவர்களுக்குப் பெரிய நாள். வராத பிள்ளைக்கும் மேஜையில் ஒரு கிண்ணம் வைப்பார்களாம். வென்ஜிங்குக்கு ஆறு வருடமாக வெறும் கிண்ணம்.

மருத்துவமனை பிப்ரவரி பதினான்கிலிருந்துதான் லீவு கொடுத்தது. அன்று ராத்திரி சான் ஃபிரான்சிஸ்கோவில் ஏறினால் பதினாறாம் தேதி விடிகாலை குவாங்ஜோவில் இறங்கலாம். அன்றுதான் அந்தச் சாப்பாடு. அங்கிருந்து அவள் ஊருக்குப் பக்கத்தில் உள்ள ஹுவைஹுவா ஸ்டேஷனுக்கு அதிவேக ரயில், ஐந்து மணி நேரம். ஸ்டேஷனுக்கு அண்ணன் காரோடு வந்துவிடுவான். நாலு மணிக்கு வீடு.

சிக்கல் அந்த ரயிலில்தான் இருந்தது. புத்தாண்டுக்குக் கோடிக்கணக்கான பேர் ஊருக்குப் போகிறார்கள். குவாங்ஜோவைச் சுற்றியுள்ள தொழிற்சாலைகளில் ஹுனான்காரர்கள்தான் அதிகம். டிக்கெட் விற்பனை பயணத்துக்குப் பதினான்கு நாள் முன்னால், குறித்த நேரத்தில் திறக்கும். வென்ஜிங்கின் ரயிலுக்கு அது சீனாவில் திங்கள் காலை ஒன்பது மணி. மில்பிடாஸில் ஞாயிறு மாலை ஐந்து. அந்த நேரத்தில் அவள் ஐ.சி.யு.வில் ட்யூட்டியில் இருப்பாள், போன் லாக்கரில் இருக்கும். ஷ்ரேயஸ் டல்லஸிலிருந்து திரும்பும் விமானத்தில் இருப்பான்.

வியாழக்கிழமை சாயங்காலம் அவள் டேப்லெட்டோடு வந்தாள். அவள் பேசுவது ஆங்கிலம்தான், நடுநடுவே மாமியார் ஸ்வர்ணா கற்றுக்கொடுத்த தமிழைச் செருகுவாள்.

"மாமா, இது என் ரயில்வே அக்கவுண்ட். லாகின் பண்ணி வெச்சிருக்கேன். என் பேர் இதோ. ரயில் இதோ, பத்து மணி ரயில். அஞ்சு மணிக்கு இந்த ஆரஞ்சு பட்டன். அப்புறம் இந்த நீல பட்டன். அவ்ளோதான்."

"கார்டு?"

"லிங்க் பண்ணியாச்சு. இந்த நம்பரைப் போடுங்க." ஆறு இலக்கத்தை ஒரு மஞ்சள் தாளில் எழுதி டேப்லெட்டின் பின்னால் ஒட்டினாள். "மாமா, சீரியஸா சொல்றேன். இது தட்கலை விட மோசம்."

"இந்தியன் ரயில்வேயையே பாத்தவன்மா நான். உங்க ஊர்க்காரங்க நேத்து வந்தவங்க."

அவள் சிரித்தாள். "சரி, தட்கல் சாம்பியன். எங்கப்பாகிட்ட சொல்லிட்டேன், டிக்கெட் எடுக்கறது எங்க மாமா, கவலைப்படாதீங்கன்னு."

அந்த மனிதரை ஜம்புநாதன் நேரில் பார்த்ததில்லை. கல்யாணத்துக்கு அவருக்கு விசா கிடைக்கவில்லை. லிவர்மோர் கோயிலில் தாலி கட்டும்போது வீடியோவில் இருந்தார். மூக்கில் ஆக்சிஜன் குழாய், உடம்பில் புதுச் சட்டை. இருவருக்கும் பொதுவாக ஒரு மொழியும் இல்லை. ஜம்புநாதன் காபி டம்ளரைத் தூக்கிக் காட்டினார், அவர் டீக் கோப்பையைத் தூக்கிக் காட்டினார். சம்பந்திகளின் பேச்சுவார்த்தை அத்தோடு முடிந்தது.

ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கே ஜம்புநாதன் டேப்லெட்டைச் சாப்பாட்டு மேஜையில் வைத்துத் தயாரானார். கடிகாரத்தைச் சரிபார்த்தார். பட்டன்களை ஒத்திகை பார்த்தார். நாலு மணிக்கு, பழக்கதோஷத்தில், போனில் பஞ்சாங்கத்தைத் திறந்தார்.

ஞாயிற்றுக்கிழமை ராகு காலம் நாலரையிலிருந்து ஆறு என்பது எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. பஞ்சாங்கச் செயலி மில்பிடாஸின் சூரிய உதயம், அஸ்தமனத்தை வைத்துத் துல்லியமாகச் சொன்னது: 4.12 முதல் 5.29 வரை. ஐந்து மணி நட்டநடுவில் விழுந்தது.

இந்த விஷயம் அவருக்கு வேடிக்கை இல்லை. இருபத்தெட்டு வருடங்களுக்கு முன்னால் திருச்சியில் அவர் அப்பாவுக்கு மாரடைப்பு வந்தபோது, சன்னிவேலில் ஒரு டிராவல் ஏஜென்டிடம் ஓடிப்போய் டிக்கெட் எடுத்தார். செவ்வாய்க்கிழமை, மூன்றே கால். ஃபிராங்க்ஃபர்ட்டில் விமானம் பழுதாகிப் பத்தொன்பது மணி நேரம் கிடந்தது. அவர் வீட்டுக்குப் போனபோது வாசலில் சாமியானாவைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். அண்ணன் கொள்ளி வைத்தாகிவிட்டது. செவ்வாய்க்கிழமை மூன்றிலிருந்து நாலரை ராகு காலம் என்று யாரோ ஒரு சித்தப்பாதான் சொன்னார். அன்றிலிருந்து ராகு காலத்தில் அவர் எந்தப் பயணத்துக்கும் டிக்கெட் எடுத்ததில்லை. தனக்கும் சரி, பிறருக்கும் சரி. வெளியில் சொன்னால் சிரிப்பார்கள் என்று சொல்வதில்லை. தட்கல் திறக்கும்போது இங்கே ராத்திரி, ராகு காலம் கிடையாது; மற்ற டிக்கெட்டுக்கு நேரத்தை மாற்றிக்கொள்ளலாம் என்பதால் யாருக்கும் தெரியவும் இல்லை.

ஒரு மணி நேரம் தனக்குள் வாதாடினார். சீனாவில் அது திங்கட்கிழமை. திங்கட்கிழமை ராகு காலம் ஏழரையிலிருந்து ஒன்பது. ஒன்பது அடித்தால் முடிந்தது. அந்த ஊர்க் கணக்குப்படி நல்ல நேரம்தான். அப்படி எடுத்துக்கொண்டால் என்ன? ஆனால் பட்டனை அமுக்குகிற இடம் எது? மில்பிடாஸ்.

பிறகு இன்ஜினியர் கணக்கு ஒன்று போட்டார். அன்று அந்த வழியில் ஒன்பது ரயில்கள். ரயிலுக்கு ஆயிரம் இருக்கை என்றாலும் ஒன்பதாயிரம். அரை மணியில் ஒன்பதாயிரமும் போய்விடுமா? பத்து மணி ரயில் போனாலும் பன்னிரண்டு மணி ரயில் இருக்காதா?

போய்விடும் என்று அவருக்குத் தெரியும். உலகத்தில் வேறு யாருக்குத் தெரியாவிட்டாலும் அவருக்குத் தெரியும். தட்கலில் முப்பது நொடி தாமதித்தவன் கதியை ஆயிரம் தடவை பார்த்தவர்.

ஐந்து மணி ஆயிற்று. திரையில் ஆரஞ்சு பட்டனுக்கு உயிர் வந்தது. ஜம்புநாதன் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

ஐந்து இருபதுக்கு ஸ்வர்ணா கடையிலிருந்து வந்தாள். கறிவேப்பிலைப் பையை மேஜையில் வைத்தாள்.

"என்ன, எடுத்தாச்சா?"

"இன்னும் இல்ல."

"அஞ்சு மணின்னாளே?"

"ராகு காலம். இன்னும் ஒம்பது நிமிஷம்."

ஸ்வர்ணா டேப்லெட்டைக் காட்டினாள். "அது அவ ஊர் ரயில். அவ ஊர் டிக்கெட். நம்ம ராகு அங்க போயி என்னங்க பண்ணப் போறான்?"

"விரல் என்னோடது."

"அப்ப தள்ளுங்க, நான் அமுக்கறேன்."

"நீ சும்மா இரு ஸ்வர்ணா. அந்தப் பொண்ணு அப்பாவைப் பாக்கப் போறா. எங்கப்பாவுக்கு ஆன மாதிரி ஆயிடக் கூடாது. ஒம்பது நிமிஷத்துல ஒண்ணும் குடி முழுகிடாது."

அவள் பையை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள். நாற்பது வருடத்தில் அவள் அவரோடு சண்டை போடாமல் விட்ட இடங்களில் இதுவும் ஒன்று. பின்னால் அதை நினைத்து அவளும் தூக்கம் கெட்டாள்.

ஐந்து முப்பதுக்கு ஜம்புநாதன் பிள்ளையாரை நினைத்துக்கொண்டு பட்டனை அமுக்கினார். ஒன்பது ரயில்களிலும் ஒரே சீன எழுத்து. அதற்கு அர்த்தம் என்னவென்று வென்ஜிங் சொல்லியிருந்தாள்: இல்லை. மூன்று நிமிடம் தேடினார். முதல் வகுப்பு இல்லை, நின்றுகொண்டு போகிற டிக்கெட்கூட இல்லை. கடைசியில் காத்திருப்புப் பட்டியலில் பதிவு செய்து, ஆறு இலக்கத்தைப் போட்டுப் பணம் கட்டினார்.

எட்டு மணிக்கு ட்யூட்டி முடிந்து அவள் கூப்பிட்டாள்.

"மாமா?"

"போயிடுச்சும்மா. திறந்த நொடியே எல்லாம் போயிடுச்சு. வெயிட்டிங் லிஸ்ட்ல போட்டிருக்கேன்."



"பரவாயில்ல மாமா," என்றாள். தமிழில் சொன்னாள். "எப்பவும் இப்படித்தான். நீங்க ட்ரை பண்ணீங்க."

அடுத்த பத்து நாள் ஜம்புநாதன் செய்த வேலையை அவர் தன் வேலைக்குக்கூடச் செய்ததில்லை. ஸ்ப்ரெட்ஷீட் திறந்து எல்லா வழிகளையும் போட்டார். அவள் ஊர்ப்பக்கம் இருந்த சின்ன விமான நிலையத்துக்கு அன்று இடமில்லை. பாதி வழிக்கு ஒரு ரயில், மீதிக்கு இன்னொன்று என்று துண்டு துண்டாகத் தேடினார், ஒன்று கிடைத்தால் அடுத்தது கிடைக்கவில்லை. வாடகைக் காருக்கு ஆளில்லை, டிரைவர்களும் ஊருக்குப் போகிறார்கள். கடைசியில் தேறியது இவ்வளவு: குவாங்ஜோவிலிருந்து ஹுனான் தலைநகர் சாங்ஷாவுக்குப் பதினொன்றரை மணி விமானம். சாங்ஷாவிலிருந்து ஹுவைஹுவாவுக்கு இரண்டே காலுக்குக் கிளம்பும் கடைசி பஸ், ஆறு மணி நேரம். அண்ணன் கார். வீடு ஒன்பதரைக்கு. சாப்பாடு ஆறு மணிக்கு.

"வெயிட் பண்ணுவாங்க," என்றாள் வென்ஜிங், அந்தத் தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு. "அப்பா சாப்பிடறதே இல்ல. கஞ்சிதான். ஒம்பதரைக்குக் குடிச்சா என்ன?"

உண்மையைச் சொல்ல ஜம்புநாதனுக்குப் பதினான்கு நாள் இருந்தது. சொல்லவில்லை.

பதினாறாம் தேதி இங்கே திங்கட்கிழமை, பிரசிடென்ட்ஸ் டே, லீவு. காலை ஐந்து மணிக்கு அவர் எழுந்து காபி போடும்போது ஷ்ரேயஸ் போனில் கூப்பிட்டான். அவனுடைய சீன விசா இன்னும் கைக்கு வராததால் இங்கேயே இருந்தான். குரல் சரியாக இல்லை.

"அப்பா, வென்னோட அப்பா போயிட்டாரு. ஒன் அவர் ஆச்சு. அங்க அப்ப எய்ட் ஓ'க்ளாக். டேபிள்லயே உட்கார வெச்சிருந்தாங்களாம். அவ வர வரைக்கும் படுக்க மாட்டேன்னு சொல்லிட்டாராம்."

ஜம்புநாதன் அடுப்பை அணைத்தார். "அவளுக்கு?"

"தெரியாது. பஸ்ல இருக்கா. பனிமூட்டம், ஹைவேல ஒரே ட்ராஃபிக். அவ அண்ணன் சொல்ல வேணாங்கறான். தனியா இருக்கா, பஸ் ஃபுல்லா ஸ்ட்ரேஞ்சர்ஸ். டோன்ட் டெல் ஹெர், அப்பா. ப்ளீஸ்."

வென்ஜிங் தன் இருப்பிடத்தைப் போனில் அவருக்குப் பகிர்ந்திருந்தாள். அந்த ஸ்ப்ரெட்ஷீட்டின் சொந்தக்காரர் அவர்தானே. வரைபடத்தில் ஒரு நீலப் புள்ளி நின்றது, ஊர்ந்தது, மறுபடி நின்றது. ஜம்புநாதன் அதைச் சாப்பாட்டு மேஜையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். ஐந்தே முக்காலுக்கு அவளிடமிருந்து செய்தி வந்தது.

"மாமா, முழிச்சிட்டீங்களா? பஸ் நடக்கற வேகத்துல போகுது. பக்கத்து சீட் பாட்டி எனக்கு ஆரஞ்சு குடுத்தாங்க. இன்னும் எவ்ளோ தூரம்?"

அவர் அளந்து பார்த்து அனுப்பினார்: "அறுபத்தெட்டு கிலோமீட்டர்."

"அப்பா தூங்கியிருப்பாரு. அண்ணன் போன் எடுக்க மாட்டேங்கறான். கார் ஓட்டிட்டிருப்பான்."

ஜம்புநாதன் பதில் தட்டினார், அழித்தார், மறுபடி தட்டினார். "இருக்கும்" என்று ஒரு சொல் அனுப்பினார். அந்த ஒரு சொல்லுக்கு நாலு நிமிடம் ஆனது.

ஆறரைக்கு இன்னொரு செய்தி.

"மாமா, வெயிட்டிங் லிஸ்ட் பணம் திரும்பி வந்திடுச்சு. இப்பதான் மெசேஜ் பாத்தேன்."

அதற்குப் பிறகு அவள் ஒன்றும் அனுப்பவில்லை. புள்ளி மட்டும் ஊர்ந்தது. ஏழு மணிக்கு ஸ்டேஷன் பக்கம் போய் நின்றது. அங்கே ராத்திரி பதினொன்று. அண்ணன் அங்கேதான் சொல்லியிருப்பான். பிறகு புள்ளி மலைப்பாதையில் வேகமாக ஏறியது. ஏழே முக்காலுக்கு அதுவும் அணைந்தது. அவளே அணைத்துவிட்டாள்.

ஸ்வர்ணா எதிரே உட்கார்ந்திருந்தாள். "ரயில்ல போயிருந்தா நாலு மணிக்கே போயிருப்பா," என்றாள். குரலில் குத்தல் இல்லை. ரயில்வே அட்டவணையைப் படிக்கிற மாதிரிதான் சொன்னாள். அதுதான் தாங்க முடியவில்லை.

மூன்று வாரம் கழித்து, மார்ச் மாதத்தில் ஒரு சனிக்கிழமை மத்தியானம் வென்ஜிங் வந்தாள். ஷ்ரேயஸை அழைத்து வரவில்லை. சட்டைக் கையில் துக்கத்துக்கு ஒரு கறுப்புத் துணித்துண்டைக் குத்தியிருந்தாள். மாமியாருக்கு ஒரு டின் டீத்தூள் கொண்டு வந்திருந்தாள். ஸ்வர்ணா அவளைக் கட்டிக்கொண்டாள், சாப்பிடச் சொன்னாள். சாப்பிட்டாள். பிறகு ஜம்புநாதனுக்கு எதிரே உட்கார்ந்து, அந்த டேப்லெட்டை மேஜையில் வைத்தாள். பின்னால் மஞ்சள் தாள் இன்னும் இருந்தது.

"மாமா, ஒண்ணு கேக்கணும். வெயிட்டிங் லிஸ்ட் போட்ட டைம் இதுல இருக்கு. ஒன்பது முப்பத்து மூணு."

அவர் அந்த மஞ்சள் தாளைப் பார்த்தார்.

"திறந்தது ஒன்பது. பஸ்ல இதைப் பாத்தேன். அப்ப எனக்கு அப்பா விஷயம் தெரியாது. யோசிச்சிட்டே வந்தேன். இன்டர்நெட் போயிருக்கும். மாமா பாத்ரூம் போயிருப்பாரு. தூங்கியிருப்பாரு, வயசாச்சு." அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். "இன்டர்நெட்தானே?"

கதவைத் திறந்து வைத்துவிட்டு நிற்கிறாள் என்று ஜம்புநாதனுக்குப் புரிந்தது. ஆமாம் என்றால் போதும். இந்த வீட்டில் யாரும் அதைப் பற்றி மறுபடி பேச மாட்டார்கள். சமையலறையில் குழாய்ச் சத்தம் நின்றிருந்தது. ஸ்வர்ணா கேட்டுக்கொண்டிருந்தாள்.

"இல்லம்மா," என்றார். "இன்டர்நெட் இருந்தது. நான் இங்கதான் உட்கார்ந்திருந்தேன்."

சொன்னார். ராகு காலம் என்றால் என்ன என்பதை ஆங்கிலத்தில் சொல்வது கஷ்டமாக இருந்தது. சொல்லச் சொல்ல அது இன்னும் சின்னதாகிக்கொண்டே போனது. ஒரு நாளை எட்டாகப் பிரித்து அதில் ஒரு பங்கு. தன் அப்பா, சன்னிவேல் ஏஜென்ட், ஃபிராங்க்ஃபர்ட், சாமியானா எல்லாவற்றையும் சொன்னார். கையைத் தொடைக்கு அடியில் வைத்திருந்ததையும் சொன்னார். பொய் சொன்னதையும் சொன்னார்.

வென்ஜிங் குறுக்கே பேசாமல் கேட்டாள். அழவில்லை. நர்ஸ்கள் கேஸ் ஷீட் கேட்கிற மாதிரி கேட்டாள்.

"உங்க அப்பாவுக்குக் கெட்ட நேரத்துல டிக்கெட் எடுத்தீங்க," என்றாள் கடைசியில்.

"ஆமா."

"லேட்."

"ஆமா."

"எங்கப்பாவுக்கு நல்ல நேரத்துல எடுத்தீங்க."

ஜம்புநாதன் தலையாட்டினார்.

"லேட்," என்றாள்.

அதற்கு மேல் அவள் கேட்கவில்லை.  

"எங்கப்பாவும் காலண்டர் பாப்பாரு," என்றாள் பிறகு, ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு. "எந்த நாள் கிளம்பலாம், எந்த நாள் கூடாது, எல்லாம். சுரங்கத்துக்கு முதல் நாள் வேலைக்குப் போனப்பவும் பாத்தாராம். நல்ல நாள்தானாம்."

டேப்லெட்டின் பின்னாலிருந்த மஞ்சள் தாளைப் பிய்த்தாள். சுக்கலாகக் கிழிக்கவில்லை. நாலாக மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டாள். டேப்லெட்டைப் பையில் வைத்தாள்.

"ஏப்ரல்ல கல்லறை கும்பிடற நாள் வருது. முதல் வருஷம் கண்டிப்பாப் போகணும். ஷ்ரேயஸும் வரான், விசா வந்திடுச்சு. அதுக்கும் இதே மாதிரிதான் டிக்கெட் திறக்கும்."

"சரிம்மா."

"நானே எடுத்துக்கறேன், மாமா."

"ஷ்ரேயஸுக்குத் தெரியுமா?" என்று அவர் கேட்டார்.

"இல்ல. நீங்க சொல்லுங்க."

ஸ்வர்ணா வாசல்வரை போனாள். கார் கிளம்பும் சத்தம் கேட்டது. ஜம்புநாதன் அன்று சாயங்காலமே மகனைக் கூப்பிட்டுச் சொன்னார். ஷ்ரேயஸ் கடைசிவரை கேட்டான். பிறகு "ஓகே, அப்பா" என்று வைத்துவிட்டான். அடுத்த ஞாயிறு அவர்கள் வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை.

அவர்கள் ரயிலுக்கு டிக்கெட் திறக்கும் நாளை அவர் யாரையும் கேட்காமலே கணக்குப் போட்டு வைத்திருந்தார். மார்ச்சில் ஒரு வெள்ளிக்கிழமை. இங்கே கடிகாரத்தை ஒரு மணி முன்னால் நகர்த்தியாகிவிட்டதால் ஐந்து மணி ஆறு மணியாகியிருந்தது. அன்று ஐந்தே முக்காலுக்குச் சாப்பாட்டு மேஜையில் வந்து உட்கார்ந்தார். எதிரே ஒன்றும் இல்லை. ராகு காலம் மத்தியானமே முடிந்துவிட்டது. அவர் பார்க்கவில்லை, வெள்ளிக்கிழமைக் கணக்கு அவருக்கு மனப்பாடம்.

சுவர்க் கடிகாரத்தில் ஆறு ஆனது. சான்டா கிளாராவில் யாரோ ஒரு பட்டனை அமுக்கியிருப்பார்கள். ஆறு ஒன்று. ஆறு ஐந்து. வழக்கமாக டிக்கெட் திறந்த ஐந்தாவது நிமிடம் யார் வீட்டிலிருந்தாவது போன் வரும், கிடைச்சுதா அங்கிள் என்று.

"என்னங்க, காபி ஆறுது," என்றாள் ஸ்வர்ணா.

ஆறு பத்துக்கு மகனிடமிருந்து ஒரு வரி வந்தது. இரண்டு டிக்கெட்டும் கிடைத்துவிட்டன. நேரம் போட்டிருந்தது, சீனக் கணக்கில்: ஒன்பது மணி, பூஜ்ஜியம் நிமிடம், நாற்பது நொடி.

அவர் அமுக்கியிருந்தால் இருபது நொடி ஆகியிருக்கும். ஜம்புநாதன் காபியை எடுத்துக் குடித்தார்.